வீட்டில் அச்சிட்ட ஸ்லாட் கார் பாகங்கள்: அறிகுறியைப் பார்த்துப் பழுது நீக்குவது எப்படி

இது 1/32 அளவு ஸ்லாட் கார்களுக்கான (தடத்தில் வெட்டிய பள்ளத்தைப் பிடித்து மின்சாரத்தில் ஓடும் சிறு பந்தயக் கார்கள்) வழிமுறை. பிரிண்டர் 0.4 மி.மீ நாசில் போட்ட சாதாரண மேசை ஃபிலமென்ட் பிரிண்டர் (பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கடுக்காக அச்சிடும் 3டி பிரிண்டர்) என்று வைத்துக்கொள்ளுங்கள். திரவ ரெசினை ஒளியால் கெட்டியாக்கும் ரெசின் பிரிண்டர் தேவைப்படும் இடங்களைத் தனியே சொல்லியிருக்கிறோம். 1/64 அளவு ஹெச்.ஓ கார்களின் சேசிஸுக்கு ஃபிலமென்ட் பிரிண்டர் சரிப்படாது, அதனால் அந்தப் பேச்சே இங்கே இல்லை.

கையருகே இருக்க வேண்டியவை: டிஜிட்டல் வெர்னியர், 2.4 மற்றும் 4.8 மி.மீ டிரில் பிட்டுகள், அவற்றைக் கையால் திருக ஒரு பின் வைஸ், 400, 600 எண் உப்புத்தாள், வளைவில்லாத 3/32 அங்குல எஃகுக் கம்பி ஒன்று, தட்டையான கண்ணாடித் துண்டு ஒன்று.

கார் ஒழுங்காக ஓடவில்லை என்றதும் பலர் ஸ்லைசரை (கோப்பை அச்சிடும் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) திறந்து வேகத்தையும் வெப்பத்தையும் மாற்ற ஆரம்பித்துவிடுகிறார்கள். அதைக் கடைசிக்கு வையுங்கள். துளை என்ன அளவில் வந்திருக்கிறது, லேயர், அதாவது அச்சின் அடுக்கு, எந்தத் திசையில் போகிறது, பாகம் எவ்வளவு சூடாகிறது என்ற மூன்றைப் பார்த்தாலே பெரும்பாலான கோளாறு பிடிபட்டுவிடும். வேகமாகச் சுழலும் பாகத்தை அச்சிடாமல் வாங்கிவிடுவதே நல்லது. காரணம் கியர், சக்கரம் பகுதிகளில் வரும்.

ஆக்சில் துளைக்குள் நுழையவே மாட்டேன் என்கிறது

பெரும்பாலான 1/32 ஆக்சில்களின் விட்டம் 3/32 அங்குலம், அதாவது 2.38 மி.மீ. கோப்பில் 2.4 என்று வரைந்திருப்பீர்கள், 0.02 இடைவெளி இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் ஸ்லைசருக்குக் கொடுக்கும் எஸ்.டி.எல் வடிவக் கோப்பில் வட்டம் வட்டமாக இருப்பதில்லை, பல பக்கங்கள் கொண்ட வடிவமாகத்தான் சேமிக்கப்படுகிறது. 16 பக்கமாக ஏற்றுமதி செய்த 2.4 மி.மீ துளையில், எதிரெதிர்ப் பக்கங்களுக்கு நடுவே கிடைப்பது 2.35 மி.மீ மட்டுமே. பிரிண்டர் தொடங்கும் முன்பே ஆக்சில் நுழைய வழியில்லாமல் போய்விட்டது. 64 பக்கமாக ஏற்றுமதி செய்தால் இந்த இழப்பு ஏறக்குறைய மறைந்துவிடும். அதற்கு மேல், உருகிய பிளாஸ்டிக் சிறிய வட்டத்தைச் சுற்றி வரும்போது உள்பக்கமாக இழுபடும். அதில் இன்னும் 0.1 முதல் 0.2 மி.மீ போகும்.

உங்கள் பிரிண்டர் எவ்வளவு சுருக்குகிறது என்பதை ஒரு சோதனைக் கட்டையில் பார்த்துவிடுங்கள். 2.3 முதல் 2.8 வரை 0.1 மி.மீ ஏற்றத்தில் ஆறு துளைகள் போதும். சேசிஸில் துளை எந்தத் திசையில் படுத்திருக்கிறதோ அதே திசையில் கட்டையிலும் இருக்கட்டும். நிமிர்ந்த துளையில் கிடைத்த எண்ணைப் படுத்த துளைக்குப் போட்டால் ஏமாற்றம்தான்.

இன்னொரு காரணமும் அடிக்கடி தட்டுப்படும். 1/24 அளவுக்கு வரைந்த கோப்பை 75 சதவீதமாகக் குறைத்து 1/32 ஆக்கியிருந்தால் காரோடு துளையும் சுருங்கியிருக்கும். 2.38 மி.மீ துளை 1.79 மி.மீ ஆகிவிடும். இரண்டு அளவுக் கார்களிலும் பொதுவாக அதே 3/32 ஆக்சில்தான். பாடியை மட்டும் குறைத்துக்கொண்டு, ஆக்சில் தாங்கியையும் மோட்டார் இடத்தையும் உண்மை அளவில் புதிதாக வரைந்து ஒட்டுங்கள்.

ஆக்சில் நுழைகிறது, ஆனால் விரலால் சுண்டினால் சுற்றாமல் நின்றுவிடுகிறது

பிளாஸ்டிக் துளையில் ஆக்சிலை நேரடியாக ஓட விடாதீர்கள். ஓட ஓட உராய்வில் சூடேறி, துளை நீள்வட்டமாகிவிடும். உள்ளே 3/32, வெளியே 3/16 அங்குலம் (4.76 மி.மீ) உள்ள வெண்கலப் புஷ் (ஆக்சில் உள்ளே சுற்றும் சிறு வளையம்) 1/24 கார்களுக்காக எளிதில் கிடைக்கிறது, 1/32 சேசிஸிலும் இடம் வைத்துப் போடலாம். கையில் புஷ் இல்லையென்றால் 1/8 அங்குலப் பித்தளைக் குழாய் வாங்குங்கள். அதன் சுவர் 0.014 அங்குலம் என்றால் உள்விட்டம் 2.46 மி.மீ வரும். 3/32 ஆக்சில் அதில் 0.08 மி.மீ இடைவெளியோடு அழகாகச் சுற்றும். 5 மி.மீ நீளத்துக்கு வெட்டி, விளிம்பின் பிசிறை அரத்தால் எடுத்துவிடுங்கள்.

வெண்கலப் புஷ்ஷுக்கான துளையைக் கோப்பில் 4.6 என்று வரைந்து, அச்சிட்ட பிறகு 4.8 பிட்டைக் கையால் திருகி விரியுங்கள். மின் டிரில் வேண்டாம். அந்த வேகத்தில் பி.எல்.ஏ (வழக்கமான அச்சுப் பிளாஸ்டிக்) உருகி பிட்டில் சுற்றிக்கொள்ளும்.

படுத்த துளையின் மேல்பகுதி அந்தரத்தில் அச்சாகிறது, அதனால் தொய்யும். துளையின் உச்சியைக் கண்ணீர்த்துளி வடிவில் கூராக்கினால் தொய்வு நிற்கும். அதைவிட எளிய வழி, மேலே திறந்த ‘யு’ வடிவப் பள்ளமாக வரைந்து புஷ்ஷை மேலிருந்து உட்கார வைப்பது.

இனி சீரமைப்பு. புஷ் தனித்தனியே நன்றாகச் சுற்றும், இரண்டையும் பூட்டினால் இறுகும். இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் இல்லை என்பதே காரணம். ஒட்டும் முன் நேரான எஃகுக் கம்பியை இரண்டு புஷ்ஷிலும் செலுத்துங்கள். கம்பி தடையின்றிச் சுற்றும்படி புஷ்ஷை நகர்த்திவிட்டு, ஊசிமுனையால் தொட்ட அளவு சூப்பர் குளூ வையுங்கள். கம்பியில் முன்கூட்டியே கொஞ்சம் எண்ணெய் தடவியிருந்தால் பசை ஒட்டாது. பசை இறுகும் வரை கம்பியைச் சுற்றிக்கொண்டே இருங்கள். இந்த அரை நிமிடத்தைச் சோம்பிவிட்டால் பின்னால் எத்தனை எண்ணெய் விட்டாலும் சுற்றாது.

கண்ணாடியில் வைத்தால் சேசிஸ் ஆடுகிறது

நான்கு சக்கரங்களையும் மாட்டிக் கண்ணாடியில் வையுங்கள். ஒரு மூலையைத் தட்டினால் எதிர்மூலை எழுந்தால் சேசிஸ் முறுக்கிக்கொண்டிருக்கிறது. எழுந்த சக்கரத்தின் கீழே தாளைச் செருகிப் பாருங்கள். சாதாரண அச்சுத்தாள் ஒன்று சுமார் 0.1 மி.மீ. ஒரு தாள் நுழைந்தால் பொறுத்துக்கொள்ளலாம், மூன்று நுழைந்தால் அந்தச் சேசிஸை அப்படியே ஓட்டக்கூடாது.

காரணம் பெரும்பாலும் பெட், அதாவது பிரிண்டரின் சூடான தட்டிலிருந்து சூடாகப் பிய்த்து எடுத்ததுதான். பெட் 40 டிகிரிக்குக் கீழே இறங்கும் வரை காத்திருங்கள், பாகம் தானாக விட்டுக்கொடுக்கும். நீளமான மூலைகள் அச்சிடும்போதே எழுந்தால் 5 முதல் 8 மி.மீ பிரிம் (பாகத்தைச் சுற்றி பெட்டில் ஒட்டும் மெல்லிய விளிம்பு) போடுங்கள். ஏ.பி.எஸ் பிளாஸ்டிக் என்றால் பிரிண்டரைச் சுற்றி மூடிய பெட்டி இல்லாமல் 110 மி.மீ நீளச் சேசிஸைத் தட்டையாக எடுப்பது அரிது.

முறுக்கிய பி.எல்.ஏ சேசிஸைக் காப்பாற்ற வழி உண்டு. ஆக்சில், புஷ், மோட்டார் எல்லாவற்றையும் கழற்றுங்கள். 65 டிகிரி வெந்நீரில் இரண்டு நிமிடம் போட்டு, இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே கிளிப் வைத்து இறுக்கி ஆற விடுங்கள். ஆக்சில் துளைகளின் நேரை அதன் பிறகு மறுபடி கம்பியால் சோதிக்க வேண்டும். கொதிநீர் வேண்டாம். பி.எல்.ஏ 55 முதல் 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும், கொதிநீரில் வடிவமே போய்விடும்.

தடிமனைப் பொறுத்தவரை 1.6 முதல் 2 மி.மீ நல்ல அளவு. 110 × 45 மி.மீ பலகையை 1.8 மி.மீ தடிமனில் முழு நிரப்பாக அச்சிட்டால் பி.எல்.ஏவில் 11 கிராம் வரும். வெட்டுப் பகுதிகளைக் கழித்தால் இன்னும் குறையும். எடைக்குப் பயந்து 1.2 மி.மீக்குப் போனால் வளைவில் சேசிஸே முறுக்கும். அப்போது கோளாறு டயரில் என்று தோன்றும்.

பத்து நிமிடம் நன்றாக ஓடுகிறது, பிறகு மோட்டார் தளர்ந்து ஆடுகிறது

சூடும் இழுவையும் சேர்ந்து செய்யும் வேலை இது. எஃப்.சி-130 வகை மோட்டார், ‘எஸ்-கேன்’ என்பார்களே அது, ஓடும்போது நன்றாகவே சூடாகும். அதை இறுக்கிப் பிடிக்கும் பி.எல்.ஏ கவ்விகள் சூட்டில் மெல்ல விரிந்து அப்படியே நின்றுவிடும். ஆறிய பிறகும் பழைய பிடிக்குத் திரும்பாது.

மோட்டார் பாட்டை (மோட்டாரைத் தாங்கும் தனிச்சட்டம்) மட்டும் பெட்-ஜி என்ற பிளாஸ்டிக்கில் அச்சிடுங்கள். அது இளகுவது 80 டிகிரிக்கு அருகில். நாசில் 235 முதல் 245, பெட் 75 முதல் 80. மூடிய பெட்டி இருந்தால் ஏ.பி.எஸ் இன்னும் மேல். முழுச் சேசிஸையும் பெட்-ஜியில் போட வேண்டியதில்லை. அது பி.எல்.ஏவை விட அதிகம் வளையும், தட்டைப் பலகைக்கு அந்த வளைவு உதவாது. பலகை பி.எல்.ஏ, பாட் பெட்-ஜி என்பதே எங்கள் தேர்வு. வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுச் செல்லும் வழக்கம் இருந்தால் மட்டும் பலகையையும் மாற்றுங்கள்.

கவ்வி ஒடிவது வேறு நோய். பாட்டைத் தட்டையாக வைத்து அச்சிட்டால் கவ்விகள் நிமிர்ந்து எழும். விரியும்போது வரும் இழுப்பு லேயர்களைப் பிரிக்கும் திசையில் விழும், அடியோடு ஒடியும். பாட்டைப் பக்கவாட்டில் திருப்பி அச்சிட்டால் கோடுகள் கவ்வியின் நீளத்தில் ஓடும். அந்தரப் பகுதியைத் தாங்க அச்சாகும் சப்போர்ட் கொஞ்சம் கூடும், போகட்டும். அடிமூலையில் 1 மி.மீ வளைவு கொடுப்பதும் பலன் தரும்.

பாட் தனியாக மிதக்க வேண்டிய வகை என்றால், சுற்றிலும் 0.4 மி.மீ இடைவெளி வேண்டும். வரைபடத்தில் இருந்தும் அசையவில்லையா? முதல் லேயர் பெட்டில் நசுங்கி வெளியே பிதுங்கியிருக்கும். பாகத்தைக் கவிழ்த்து விளிம்பைப் பாருங்கள், மெல்லிய உதடுபோல் ஒரு கோடு தெரியும். கத்தியால் சீவிவிட்டு, அடுத்த முறை ஸ்லைசரில் ‘எலிஃபண்ட் ஃபுட்’ ஈடு 0.15 முதல் 0.2 வையுங்கள். பாட் திருகுகளையும் முழுக்க இறுக்கிவிட்டு அரைச் சுற்று தளர்த்த மறக்காதீர்கள்.

கியர் அலறுகிறது, அல்லது பல் வழித்துப் போகிறது

முதலில் தூரம். 0.5 மாட்யூல் (பல்லின் அளவைக் குறிக்கும் எண்) கியர்களில் இரண்டு அச்சுகளுக்கு இடையிலான தூரம், இரு பற்களின் கூட்டுத்தொகையை 0.25ஆல் பெருக்கினால் கிடைக்கும். மோட்டாரில் 11 பல் பினியன், ஆக்சிலில் 36 பல் ஸ்பர் என்றால் 47 × 0.25 = 11.75 மி.மீ. 12, 32 என்றால் 11.0 மி.மீ. இந்த எண்ணை அப்படியே வரையாமல் 0.05 முதல் 0.1 கூட்டிக்கொள்ளுங்கள். கணக்கு சைட்வைண்டருக்கு, அதாவது மோட்டார் ஆக்சிலுக்கு இணையாகக் கிடக்கும் அமைப்புக்கு. மோட்டார் ஆக்சிலுக்குச் செங்குத்தாக இருக்கும்போது போடும் கிரவுன் கியருக்கு இது பொருந்தாது. அங்கே ஆக்சிலில் மெல்லிய வாஷர் சேர்த்து, எடுத்துத்தான் பொருத்த வேண்டும்.

சோதிக்க, மெல்லிய தாள் துண்டு ஒன்றைப் பற்களுக்கு நடுவே விட்டுக் கையால் சுற்றுங்கள். தாள் சுருக்கம் விழுந்து கிழியாமல் வந்தால் சரி. கிழிந்தால் கியர்கள் நெருக்கம். சுருக்கமே விழவில்லை என்றால் தள்ளி நிற்கிறது, அப்படி ஓட்டினால் பல் வழிக்கும்.

ஸ்பர் கியரையே அச்சிட்டிருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம். 0.5 மாட்யூலில் ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்கு 1.57 மி.மீ, அதில் பல்லின் தடிமன் பாதி, 0.78 மி.மீ. 0.4 நாசிலுக்கு அது இரண்டே கோடு. பல்லின் வளைவை அதில் எப்படி வரைவது? ரெசினில் வடிவம் வரும், ஆனால் சாதாரண ரெசின் நொறுங்கும். வார்த்த நைலான் கியர் வாங்குங்கள்.

வளைவில் கைடு தடத்தை விட்டுத் துள்ளுகிறது

கண்ணாடியில் பார்க்கும் சோதனை இதற்குப் போதாது. தடத் துண்டு ஒன்றிலேயே காரை நிறுத்துங்கள். கைடின் (காரைப் பள்ளத்தில் நடத்தும் முன்பாகம்) அலகு பள்ளத்தில் முழுவதும் இறங்கி, பிரெய்டு (மின்சாரம் எடுக்கும் பின்னல் கம்பி) ரயிலில் படிந்து, முன்சக்கரம் தடத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். முன்சக்கரம் பாரம் தாங்கினால் கைடு மேலே தூக்கப்படுகிறது. கைடுக்கும் சேசிஸுக்கும் நடுவே 0.2 மி.மீ வாஷர்களைச் சேர்த்து அலகைக் கீழே இறக்குங்கள். புதிய பிரெய்டு விறைப்பாக இருந்தால் அதுவே முன்பகுதியைத் தூக்கும். விரலால் தட்டையாக நீவி, நுனியை லேசாகப் பிரித்துவிடுங்கள்.

அச்சிட்ட கைடு என்றால் அலகின் தடிமனுக்குப் பள்ளத்தைப் பல இடங்களில் அளந்து, மிகக் குறுகிய அளவிலிருந்து 0.4 மி.மீ குறையுங்கள். மரத்தில் செதுக்கிய தடங்களின் பள்ளம் வழக்கமாக 1/8 அங்குலம், 3.18 மி.மீ. அந்தத் தடத்துக்கான ஆழமான அலகு பிளாஸ்டிக் தடத்தில் அடியைத் தட்டும். ஒரே கைடு இரண்டுக்கும் ஆகும் என்று நம்ப வேண்டாம்.

கைடின் தண்டு ஒடிந்துபோகிறதா? நிமிர்த்தி அச்சிட்டிருப்பீர்கள். மோதல் விசை குறுக்கே வரும், லேயர்களுக்கு நடுவே தண்டு பிளந்துவிடும். அலகைப் பக்கவாட்டில் கிடத்தி அச்சிட்டால் கோடுகள் தண்டிலிருந்து அலகு வரை ஓடும். தண்டு முழு வட்டமாக வராது, 600 உப்புத்தாளில் உருட்டித் தேய்த்துக்கொள்ளலாம். தண்டுக்கும் துளைக்கும் 0.1 முதல் 0.15 இடைவெளி போதும். அதற்கு மேல் போனால் கைடு சாயும், சாய்ந்த அலகுதான் துள்ளும்.

வேகம் கூடக் கூட கார் நடுங்குகிறது

12 வோல்ட்டில் நிமிடத்துக்கு 18,000 சுற்று சுற்றும் மோட்டாரை 11:36 கியரில் பூட்டினால் ஆக்சில் சுமார் 5,500 சுற்று போகும். நொடிக்குத் தொண்ணூறுக்கும் மேல். சக்கரம் 0.2 மி.மீ மையம் தவறினாலும் கார் அத்தனை முறை குதிக்கும். அச்சிட்ட சக்கரத்தில் ஒவ்வொரு லேயரும் தொடங்கி முடியும் இடத்தில் ஒரு மேடு நிற்கும். எல்லா லேயர்களின் மேடும் ஒரே இடத்தில் வரிசையானால், டயர் அந்த இடத்தில் எழும்பும்.

பின்சக்கரத்துக்கு அலுமினிய ஹப் (டயர் மாட்டும் சக்கர நடுப்பாகம்) வாங்கி, நடுவில் பொருத்தும் கம்பிச் சக்கர அலங்காரத்தை மட்டும் ரெசினில் அச்சிடுவதே சரியான பங்கீடு. முன்சக்கரம் அச்சிட்டதாக இருக்கலாம், அதில் பாரமில்லை. அச்சிட்ட ஹப்பில் ஆக்சிலைப் பிடிக்கும் தலையில்லாத கிரப் ஸ்க்ரூ போட்டால் இழை வழித்துவிடும். உள்ளே இழை வெட்டிய பித்தளை இன்சர்ட்டைச் சால்டரிங் அயர்னால் சூடாக்கி இறக்குங்கள்.

டயரை ஹப்பில் ஒட்டிய பிறகு, பின்சக்கரங்களின் கீழே 400 உப்புத்தாளை வைத்துக் குறைந்த வோல்ட்டில் ஓட விட்டு வட்டமாக்குங்கள். மெதுவாக. அழுத்தினால் ரப்பர் சூடாகிக் கிழியும்.

டயர் பிடிக்கவில்லை, அச்சில் ஊற்றிய டயர் பிசுபிசுக்கிறது

ரப்பர்போல் வளையும் டி.பி.யூ ஃபிலமென்டில் டயர் அச்சிடலாம் என்று தோன்றும். பரவலாகக் கிடைக்கும் டி.பி.யூவின் கடினம் ஷோர் அளவுகோலில் 95ஏ. பந்தயத்துக்கான சிலிக்கோன் டயர் அதைவிட மிகவும் மென்மை. 95ஏ முன்சக்கரத்துக்கு நல்லது, பின்னால் போட்டால் வழுக்கும்.

ஆகவே டயரை அச்சிடாமல் அதன் வார்ப்பு அச்சை அச்சிட்டு, சிலிக்கோன் ஊற்றுவார்கள். ரெசினில் செய்த அச்சு பார்க்கப் பளபளவென்று இருக்கும், ஆனால் பிளாட்டினம் வகைச் சிலிக்கோன் அதில் இறுகாது. அச்சைத் தொட்ட மேற்பரப்பு மட்டும் பிசினாக நிற்கும். ரெசினில் மீந்திருக்கும் வேதிப்பொருள் வினையைத் தடுக்கிறது. லேடெக்ஸ் கையுறையில் உள்ள கந்தகமும் அதே வேலையைச் செய்யும், நைட்ரைல் கையுறை போடுங்கள். அச்சை நன்றாகக் கழுவி, நீண்ட நேரம் யு.வி ஒளியில் காட்டி, அக்ரிலிக் தெளிப்பு இரண்டு பூச்சு கொடுத்தால் ஓரளவு தப்பிக்கலாம். தொல்லையே வேண்டாமென்றால் அச்சை பி.எல்.ஏவில், 0.12 மி.மீ லேயரில், டயர் சுழலும் மையக்கோடு நிமிர்ந்திருக்கும்படி அச்சிடுங்கள். லேயர் வரி டயரில் பதியும், உப்புத்தாளில் வட்டமாக்கும்போது அது போய்விடும்.

காந்தம் வைத்தும் பலனில்லை, அல்லது கார் நகரவே திணறுகிறது

தடத்தைப் பாருங்கள். செம்பு நாடா ஒட்டிய மரத் தடத்தில் காந்தத்துக்குப் பிடிக்க எதுவுமில்லை, அங்கே அது வெறும் எடை. இரும்பு ரயில் உள்ள பிளாஸ்டிக் தடத்தில் தூரம்தான் எல்லாம். இடைவெளி கொஞ்சம் கூடினாலும் பிடிப்பு சட்டென்று விழும். காந்தக் குழியின் அடியில் 0.6 மி.மீ, அதாவது மூன்று லேயர் விட்டு, மேலிருந்து காந்தத்தை இறக்குங்கள். பிடிப்பு அதிகமானால் 0.2 மி.மீ தகடு ஒன்றைக் குழிக்குள் முதலில் போடுங்கள். ஓடும்போது மட்டும் திணறல் வந்தால், காந்தத்தின் இழுப்பில் சேசிஸின் நடுப்பகுதி தொய்ந்து ரயிலில் உரசுகிறது. அடியில் பளபளத்த கோடு தெரிந்தால் அதுதான். குழியின் இருபுறமும் 2 மி.மீ உயர விலா எழுப்புங்கள்.

பாடித் தூண் பிளக்கிறது, பாடி கனக்கிறது

நிமிர்ந்து அச்சான தூணில் திருகு ஆப்பு இறங்குவதுபோல் இறங்கும். முன்துளை திருகின் வெளிவிட்டத்தில் 80 முதல் 85 சதவீதம் இருக்கட்டும், தூணுக்கு நான்கு சுற்றுச் சுவர் வையுங்கள். பிளந்த தூணை வெட்டி எறிய வேண்டாம். வெளியே பித்தளைக் குழாய் வளையம் மாட்டி, விரிசலில் சூப்பர் குளூ இறக்கினால் முன்பைவிடப் பலமாக நிற்கும்.

கனத்துக்குக் காரணம் சுவர். பாடிச் சுவர் 1.2லிருந்து 0.84க்கு வந்தால் எடை கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறையும். 0.84 என்பது 0.42 கோடு இரண்டு. 1.0 என்று வரைந்தால் பழைய ஸ்லைசர்கள் நடுவில் 0.16 மி.மீ வெற்றிடம் விட்டுவிடும், முதல் மோதலில் கூரை இரண்டு தோலாகப் பிரியும். கூரையின் எடைதான் வளைவில் காரைக் கவிழ்க்கிறது, அதனால் அங்கே குறைப்பதற்கே முதலிடம்.

ரெசின் பாடியில் சில வாரம் கழித்து விரிசல் விழுந்தால், உள்ளே திரவம் சிக்கியிருந்திருக்கும் அல்லது ஒளியில் அளவுக்கு மீறிக் காய்ந்திருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் இரண்டு முறை கழுவுங்கள், இரண்டாவது முறை புதிய திரவத்தில். மூலைமுடுக்கெல்லாம் உலர்ந்த பிறகே யு.வி ஒளியில் வையுங்கள், ஈரத்தோடு வைத்தால் வெண்படலம் விழும். ‘டஃப்’ வகை ரெசின் சாதாரண ரெசினை விட மோதலைத் தாங்கும். கழுவிய திரவத்தைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். வெயிலில் வைத்து, அடியில் படியும் ரெசின் கெட்டியான பிறகு வடிகட்டி மறுபடி பயன்படுத்தலாம்.